பனிமலைத் திரையும் கப்பல்காரர் கோட்டும்

கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்காரர்களுக்குப் பனிமலை தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். எழுபதுகளில் எங்கள் பஜாரில் கல்யாணம் ஆனவர்கள், குழந்தைக்கு மொட்டையடித்தவர்கள், வளைகுடாவுக்குக் கப்பலேறியவர்கள் எல்லாருமே ஒருமுறையாவது பனிமலைக்குக் கீழே நின்றவர்கள்தான். படகுத் துறைக்குப் போகும் வழியில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அதற்குள் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரைச்சீலை தொங்கும். மேலே வெள்ளை வெளேரென்று சிகரங்கள். கீழே ஒரு கடலோர ஊர்.

அந்த ஊர் எங்கள் ஊர்தான். திரையை எழுதியவர் அக்கரையில் வைப்பின் தீவுக்காரர். மலையை ஏதோ பிஸ்கட் டப்பாவின் மூடியைப் பார்த்து எழுதினாராம். மலையடிவாரத்தில் என்ன இருக்கும் என்று டப்பா சொல்லவில்லை போலிருக்கிறது. தனக்குத் தெரிந்ததைப் போட்டுவிட்டார். ஓடு வேய்ந்த கிடங்குகள், ஒரு வள்ளம், வலது ஓரத்தில் நன்றாக வளர்ந்த ஒரு தென்னை. டிசம்பர் மாதத்திலும் வியர்க்கிற ஊரின் தலைக்கு மேல் பனி உறைந்து நிற்கும். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டுடியோ சேட்டனுக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம். படம் எடுக்க வருகிறவர்களை வலது பக்கமாகத் தள்ளித் தள்ளி நிறுத்துவார். "தெங்கை மறைச்சு நில்லு, தெங்கை மறைச்சு நில்லு" என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாட்டில்கூட வரும்.

என் அண்ணனும் ஒருநாள் அந்தத் தென்னையை மறைத்துக்கொண்டு நின்றான். எங்கள் வீட்டில் எல்லாமே அந்த ஒரு படத்திலிருந்துதான் ஆரம்பித்தது.

நாங்கள் துணி வெளுக்கிற குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். போர்ட் கொச்சிப் பக்கத்துச் சலவைத் துறையில் அப்பாவுக்கு ஒரு கல்லும் தொட்டியும் உண்டு. துறைமுகத்துக் கப்பல்காரர்கள், தேவராப் பக்கத்து அதிகாரிகள், பஜார் முதலாளிமார் வீட்டுத் துணியெல்லாம் எங்களிடம் வரும். துணி வந்ததும் முதல் வேலை குறி போடுவது. சேங்கொட்டை மையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. பருத்தியில் ஓரத்தில் மை வைப்போம். கம்பளியில் வைக்க மாட்டோம், ஊறிப் பரவிவிடும். அதற்குப் பதிலாக ஒரு சின்னத் துணிக் கிழிசலில் குறியைப் போட்டு, அதைக் கோட்டின் பித்தான் துளையில் முடிந்துவிடுவோம். அந்த முடிச்சுப் போடுவது அம்மாவின் வேலை. அவள் போட்ட முடிச்சு வெந்நீரிலும் அவிழாது.

துணி வெளுக்கிறவர்கள் வாடிக்கைக்காரர் துணியை உடுத்திக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள் என்று ஒரு கேலி உண்டே, அது கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புளித்துப் போனது. அதனாலேயே அப்பா அந்த விஷயத்தில் நெருப்பு. வாடிக்கைக்காரரின் கைக்குட்டையால்கூட முகம் துடைக்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டில், ஒரு கப்பல் அதிகாரியின் கனத்த கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனான். அவனுக்கு அப்போது இருபது வயது இருக்கும். வடக்கே போய்ப் பட்டாளத்தில் சேர வேண்டும் என்று பேசிக்கொண்டு திரிந்த காலம். மலையும் கோட்டும் சேர்ந்தால் ஆள் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசைதான், வேறொன்றும் இல்லை.

திரும்பி வரும்போது கோட்டின் ஒரு பித்தானைக் காணோம். அப்பா துறையில் வைத்து, எல்லாக் குடும்பமும் துணி அடித்துக்கொண்டிருந்த இடத்தில், அவன் கன்னத்தில் அறைந்தார். "உடுத்திக்கிட்டா திரியுறே? ஊரு சொல்றது சரிதான்னு காட்டிட்டியேடா" என்றார். அண்ணன் கையிலிருந்த துணியைக் கல்லிலேயே போட்டான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படகுத் துறைப் பக்கம் நடந்தான். எறணாகுளத்துப் படகில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. அப்பா அதே போல ஒரு பித்தானைத் தேடிப் பிடித்துத் தைத்துக் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கப்பல்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். வாங்கி நாற்காலியில் போட்டாராம்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டுடியோ சேட்டன் படத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அழகாக விழுந்திருந்தான். அம்மா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சட்டம் போட்டு, இஸ்திரி மேசைக்கு மேலே சுவரில் மாட்டினாள். அப்பா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டார். சோறு பாதியிலேயே எழுந்துவிடுவார். வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அப்பாவைப் பார்த்தாலும் கோபம் வரும், போனவனை நினைத்தாலும் கோபம் வரும். ஒரு கடுதாசி போட்டால் கை தேய்ந்தா போய்விடும்?

அப்படி ஓரிரு வருஷம் போனபோது எனக்கு வரன் வந்தது. திருநெல்வேலிப் பக்கம், எங்களைப் போலவே சலவைத் தொழில், கடைத்தெருவில் சொந்த லாண்டரி. மாப்பிள்ளையை உறவில் ஒரு கல்யாணத்தில் நான் பார்த்திருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்காமல் தின்ன முயற்சி செய்துகொண்டிருந்தார். எனக்குப் பிடித்துப் போயிற்று. மறைப்பதற்கு என்ன, அந்த வரன் கூடிவர வேண்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொண்டேன்.

முதலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் வந்தார். எதையும் ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்கிற ஆள். சாயா குடித்துக்கொண்டே கேட்டார். "பொண்ணுக்கு அண்ணன் ஒருத்தன் உண்டும்னாவளே, ஆளைக் காங்கலையே? கல்யாணத்துல பொரி இட அவன்லா வேணும்?"

அப்பாவின் முகம் செத்துப் போயிற்று. ஓடிப்போனான் என்று சொன்னால் ஏன் ஓடினான் என்று கேட்பார்கள். எதையோ திருடிக்கொண்டு ஓடினான் என்று அவர்களாகவே முடிவு கட்டுவார்கள். அப்பா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தலையைத் திருப்பினார். அத்தனை காலத்துக்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தார்.

"பட்டாளத்துல இருக்கான். காஷ்மீர்ல" என்றார். "அங்க எடுத்து அனுப்புன படம்தான் அது."

தாய்மாமன் எழுந்து போய்ப் படத்தைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி, "அங்க முட்டளவு பனியாம். கால் விரலெல்லாம் மரத்துப் போவுதாம்" என்றாள். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாள். தாய்மாமன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பொய் சொன்னோமே என்பதைவிட, அம்மா சொன்ன விதம்தான் என்னைப் பயமுறுத்தியது. அந்தப் பயம் வீண்போகவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், வேற்று ஆள் யாரும் இல்லாத வீட்டில், அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "அவனுக்கு அங்க ரொட்டிதான் கிடைக்கும். மீனுக்கு எங்க போவான்?" என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா இலையைப் பார்த்தபடி, "பட்டாளத்துல மீனும் குடுப்பாங்களாம்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு பிடி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அது தினமும் நடக்க ஆரம்பித்தது. அம்மா காஷ்மீரிலேயே குடியிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ரேடியோவில் வானிலை சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். வெளுத்த துணி மூட்டையோடு நானும் அவளும் எறணாகுளத்துக்குப் படகில் போவோம். டிசம்பரில் மழைவிட்ட காலை வேளைகளில், காயலின் நடுவில் படகு திரும்பும்போது, எறணாகுளத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் வெகு தூரத்தில் கிழக்கு மலைகள் நீலமாகத் தெரியும். சில நாள் அவற்றின் மேலே வெள்ளையாக மேகம் படுத்திருக்கும். வெயில் ஏறினால் மலையும் இருக்காது, மேகமும் இருக்காது. அம்மா மூட்டையை அணைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்ப்பாள்.

"பார்த்தியாடி, பனி விழுந்து கிடக்குது."

"அது மேகம் அம்மா. அந்த மலையில பனி விழாது."

"உனக்கு என்ன தெரியும்? அதுக்குப் பின்னாலதான் அவன் இருக்கான்."

படகில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். கல்யாணத்துக்காக அப்பா வாயில் வந்ததைச் சொன்னார். அதை அவள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாளைக்கு யாராவது இழுத்து உடைத்தால் என் கல்யாணம் மட்டுமா போகும்? அவளும் போய்விடுவாள். மாப்பிள்ளை வீட்டுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் அந்தப் பொய்யைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராத்திரித் தூக்கம் எனக்குப் பாதியாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா, தன் தம்பியான அந்தத் தாய்மாமனோடு வந்து நிச்சயம் பண்ணிவிட்டுப் போவதாகச் செய்தி வந்தது. அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாய்மாமன் போன தடவை பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே போய்விட்டார். இந்தத் தடவை அவர்கள் எறணாகுளத்தில் ரயில் இறங்கிப் படகில்தான் வருவார்கள். படகுத் துறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டுடியோ. அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி மட்டாஞ்சேரி அதே மலைக்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறது!

அப்பா போய் ஸ்டுடியோ சேட்டனிடம் விஷயத்தைச் சொல்லி, ஒருநாள் அந்தப் படங்களை எடுத்துவிடும்படி கேட்டார். சேட்டன் நல்ல மனுஷன். "ஒரு பெண்குட்டியுடெ காரியமல்லே, ஞான் மாற்றிக்கொள்ளாம்" என்றாராம். அன்று காலையில் நான் போய்ப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக நின்ற ஜோடிகள் எல்லாம் போய்விட்டிருந்தன. எனக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் அப்பா விருந்தாளிகளைப் பஜார் வழியாகக் கூட்டிவராமல், சந்து சந்தாகச் சுற்றி, மிளகுக் கிடங்குகளின் பின்பக்கமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும், "என்ன அண்ணாச்சி, உங்க வீட்டுக்கு வாரதுக்குள்ள ஊரையே பாத்தாச்சு போலுக்கே" என்றார். உயரமான மனுஷி. காரமான குரல். வந்ததும் வராததுமாக இஸ்திரி மேசையில் அடுக்கியிருந்த சட்டைகளின் மடிப்பை ஒரு பார்வை பார்த்தார்.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. வெற்றிலை போதாது என்று தாய்மாமன் தானே வாங்கி வருவதாக எழுந்தார். அப்பா தடுத்தார். நான் போகிறேன் என்றார். அவர் கேட்கவில்லை. விறுவிறுவென்று போய்விட்டார், பஜார் பக்கமாகவே.

அவர் திரும்பி வருவதற்குள் நான் அடுக்களையில் மூன்று டம்ளரைக் கீழே போட்டேன். வந்தவர் வெற்றிலையைத் தட்டில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கண்ணை இடுக்கினார்.

"அண்ணாச்சி, காஷ்மீர்ல தென்னை மரம் நிக்குமா?"

அப்பா வெற்றிலையை வாங்கக் கையை நீட்டினார்.

"அங்க ரோட்டுல ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கைப்பிள்ளை உக்காந்திருக்கு. பின்னால இதே மலை. பக்கத்துல ஒரு தென்னை. இங்க பாருங்க, உங்க மவன் தோளுக்குப் பின்னால அந்தத் தென்னையோட ஓலை நீட்டிக்கிட்டிருக்கு. என்னவே இது?"

ஜோடிகளை எல்லாம் எடுத்த சேட்டன் குழந்தைப் படத்தை மறந்துவிட்டார், காலையில் போன நானும் ஜோடிகளைத்தான் தேடினேன். தரையில் உட்கார்ந்த குழந்தை தென்னையை எப்படி மறைக்கும்? அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா வாசற்படியில், தட்டைக் கையில் ஏந்தியபடி, தாய்மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு மாப்பிள்ளையின் ஞாபகமே வரவில்லை. அம்மாவின் கையிலிருந்த தட்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். தம்பி சுட்டிக்காட்டிய ஓலையை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. வேறு எங்கோ பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு படத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம், "ஏட்டி, கை கழுவணும். கொல்லைப்பக்கம் எங்க?" என்றார்.

கொல்லையில் கொடிகளில் வெள்ளை வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்திப் படத்தை நீட்டினார்.

"இந்தக் கோட்டு யாருது?"

"அண்ணனோடது."

"பொய் சொல்லாத. ரெண்டாவது பித்தான் துளையைப் பாரு."

பார்த்தேன். பித்தான் துளையிலிருந்து ஒரு வெள்ளைக் கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கறுப்பாகக் குறி. அம்மா போட்ட முடிச்சு.

எத்தனை காலமாக அந்தப் படத்தின் கீழே நின்று இஸ்திரி போட்டேன்! ஒருநாள்கூட அது என் கண்ணில் பட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாக் கோட்டிலும் அது தொங்கும். குறி தொங்காத கோட்டை நாங்கள் பார்த்தால்தானே குறி தொங்குவது தெரியும்? வேறு யாராக இருந்தாலும் நூல் பிரிந்து நிற்கிறது என்று நினைப்பார்கள். இந்த மனுஷி வெளுக்கிற வீட்டுக்காரி. தாய்மாமனும் அதே வீடுதான், ஆனால் அவர் கல்லாவில் உட்காருகிறவர். மரத்தைப் பார்த்தாரே தவிர முடிச்சைப் பார்க்கவில்லை.

"உங்க அண்ணன் எங்கட்டி?"

"தெரியாது அத்தை" என்றேன்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. கோட்டையும் அறையையும் படகையும் பற்றிச் சொன்னேன். எதையும் திருடிக்கொண்டு போகவில்லை, கோட்டைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனான் என்று சொன்னேன்.

"உங்க அம்மைக்கு இது தெரியுமா?"

"அம்மா நம்பிட்டாங்க அத்தை. தினமும் பனியைப் பத்தித்தான் பேசுறாங்க. கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடுங்க. அம்மா முன்னால மட்டும் இதைச் சொல்லாதீங்க."

அவர் கொடியில் கிடந்த ஒரு வேட்டியின் ஓரத்தைத் திருப்பிக் குறியைப் பார்த்தார். விரலால் தடவினார். "மை பரவாமப் போட்டிருக்கிய" என்றார். பிறகு கோட்டைக் காட்டி, "கம்பளியில மை வைக்கப்படாதுன்னு தெரிஞ்ச வீடு. எங்க தெருவுலயே பாதிப் பேருக்கு இது தெரியாது. கண்டமேனிக்கு வச்சு ஓட்டை ஆக்குதாவ" என்றார்.

"எங்கிட்ட இன்னொரு பொய் சொன்னா நான் பொல்லாதவ. ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு, கை கழுவாமலே உள்ளே போனார்.

அவர் பின்னால் நடந்த அந்தச் சில அடி தூரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உள்ளே யாரும் இடம் மாறியிருக்கவில்லை.

"ஏலே, உனக்கு வேற சோலியே கிடையாதா?" என்றார் தம்பியிடம். "பட்டாளத்துக்காரன் லீவுல வந்தப்ப இங்கன எடுத்திருப்பான். அண்ணாச்சி மறந்து மாத்திச் சொல்லிருப்பாவ. தென்னை முன்னால நின்னா பட்டாளத்துலருந்து தள்ளிருவானா? வெத்தலையைத் தட்டுல வையி."

பிறகு அம்மாவிடம் போய்ப் படத்தை நீட்டினார். அவருடைய கட்டைவிரல் அந்த இரண்டாவது பித்தான் துளையின் மேல் அழுத்தமாக இருந்தது. "மதினி, அந்தக் குளிருக்குப் பிள்ளைக்கு இந்த ஒரு கோட்டு போதுமா?" என்று கேட்டார். அந்தக் காரமான குரலில் அப்படி ஒரு கனிவு இருக்கும் என்று யார் கண்டது?

அம்மா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "போதாது மதினி. உள்ள இன்னொண்ணு போட்டுக்கச் சொல்லணும்" என்றாள்.

தட்டு மாற்றினார்கள். கல்யாணத்தில் பெரியப்பா மகன் அண்ணன் ஸ்தானத்தில் நின்று பொரி இட்டான். பனி மூடி வழி அடைத்துவிட்டதாம், லீவு கிடைக்கவில்லை என்று அம்மா பந்தல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தாய்மாமன் அவ்வப்போது ஒரு கண்ணை இடுக்கினார், அவ்வளவுதான். என் மாமியார் சொன்னபடியே பொல்லாதவர்தான். துணியில் கஞ்சி கொஞ்சம் கூடினால் ஊரைக் கூட்டிவிடுவார். ஆனால் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை, தன் மகனிடம்கூட, அவர் பேசவில்லை. நான்தான் ஒவ்வொரு முறை மட்டாஞ்சேரிக்குப் போகும்போதும் பயந்துகொண்டே போவேன். அம்மா இப்போதும் நம்புகிறாளா, யாராவது சொல்லிவிட்டார்களா என்று படகிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "அங்க இந்த வருஷம் பனி ஜாஸ்தியாமே" என்று அவள் குரல் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும்.

எண்பதுகளின் நடுவில், என் இரண்டாவது பிரசவத்துக்கு நான் அங்கே போயிருந்த டிசம்பரில், அண்ணன் வந்தான்.

காலை நேரம். அம்மா துணிக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒருவன் பையோடு வந்து நின்றான். தலை முன்பக்கம் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. கைகளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சோடாவிலும் சோப்பிலும் வெந்து வெளுத்த விரல்கள். பம்பாயில் ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் இத்தனை வருஷமும் படுக்கை விரிப்பு வெளுத்துக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. இதற்கா ஓடினான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் அழவில்லை.

அம்மா எழுந்து வந்தாள். கஞ்சிக் கையோடே அவன் முகத்தைத் தொட்டாள்.

"அங்க குளிரு எப்படிடா?" என்று கேட்டாள்.

அவன் விழித்தான். போயிற்று, இத்தனை வருஷம் காப்பாற்றியது இந்த ஒரு நொடியில் போயிற்று என்று நினைத்தேன். அவன் வாயில் பம்பாய் என்று வந்துவிட்டால்! அவனுக்குக் கண் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். சட்டம் போட்ட படம். மலை, கோட்டு. படத்தின் கீழே, தலை குனிந்துகொண்டு, அப்பா. அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நல்ல குளிருதான் அம்மா" என்றான் மெதுவாக. "இந்தக் கோட்டு இருந்ததுனால தப்பிச்சேன்."

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அண்ணன் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அப்பாவின் கை அவன் கன்னத்தைத் தேடிப்போய் அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா அவர்களை விட்டுவிட்டு அடுக்களைக்குள் வந்தாள். நானும் பின்னால் போனேன். அவள் கஞ்சியைத் துழாவிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போல, "கோட்டைப் போட்டவன் அந்தக் குறியை அவிழ்த்துட்டுப் போட்டிருக்கலாம். நான் முடிஞ்ச முடிச்சு, அவனால அவிழ்க்க முடிஞ்சிருக்காது" என்றாள்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது.

"அப்போ காஷ்மீர் பொய்னு உனக்கு முதல்லருந்தே தெரியுமா? நீ ஒருநாளும் அதை நம்பலையா?"

"நான் கட்டுன குறி எனக்குத் தெரியாதாடி? உன் மாமியார் விரலை வச்சு மறைச்சாங்களே, நல்ல மனுஷி."

"பின்ன எதுக்கு இத்தனை வருஷம் பனி பனின்னு எங்க உயிரை எடுத்தே?"

அம்மா கரண்டியை ஓரத்தில் தட்டி வைத்தாள். "உங்க அப்பா சோறு திங்க வேண்டாமா?" என்றாள். அப்புறம் மீன்காரன் போயிருப்பானா என்று பார்த்து வரச் சொன்னாள், அண்ணனுக்கு மீன் வேண்டுமாம்.